ஏழாம் நம்பர் ஹாஜிரி

மாதுங்காவில் திங்கள், புதன், வெள்ளி மாலை ஆறரையிலிருந்து எட்டு மணி வரை என் பெயர் கணேசபாண்டியன். மற்ற நேரங்களில் பிரம்மநாயகம். கணேசபாண்டியன் என் அண்ணன். 1966 ஜூலை பன்னிரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில் மஞ்சள் காமாலையால் இறந்துபோனான்.

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன். வரிசை தவறினால் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிடும்.

அண்ணன் ஜூன் மாதமே மாலை வகுப்பில் சேர்ந்திருந்தான். இங்கிலீஷ் இலக்கணமும் கடிதம் எழுதுவதும் ஒரு வருஷப் படிப்பு. விண்ணப்பத்தை ஆபீஸ் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டு வந்தான். பாடம் நடத்துகிறவரை அவன் பார்த்ததில்லை. வகுப்பு ஆகஸ்ட் ஒன்றாம் தேதிதான் தொடங்கியது. அன்று நான் போனது, அவன் வரமாட்டான் என்று சொல்லிவிட்டு வரத்தான். ரயில் பாலம் தாண்டி கிங் சர்க்கிள் வரை அந்த ஒரு வாக்கியத்தையே மனத்துக்குள் திருத்தித் திருத்தி வைத்துக்கொண்டு போனேன்.

பகலில் அது சின்னப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம். பெஞ்சுகள் குட்டையானவை. முழங்கால் பலகையில் இடிக்க, இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பதினாறாம் வாய்ப்பாடு. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஜகந்நாதன் சார் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பகலில் கோட்டைப் பக்கம் ஏதோ ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா, மாலையில் இங்கே வாத்தியார். தலையை நிமிர்த்தாமல் கூப்பிட்டார்.

“ஏழு. கணேசபாண்டியன்.”

பேனா அந்த வரிசையிலேயே நின்றது.

“கணேசபாண்டியன்?”

“பிரசன்ட் சார்” என்றேன்.

ஏன் சொன்னேன் என்பதை விளக்க வேண்டும். தாராவியில் நானும் அண்ணனும் ஒரே தோல் கம்பெனியில் இருந்தோம். அவனுக்குச் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. எனக்குக் கிடங்கில், பதனிட்ட தோல்களைத் தரம் பிரித்து எண் எழுதும் வேலை. காலை ஏழு மணிக்கு முகாதம் என்கிற மேஸ்திரி கேட்டில் நின்று பெயர்களை வாசிப்பார். அதற்கு ஹாஜிரி என்று பெயர். ஒருவனுக்கு உடம்பு முடியவில்லை என்றால் அவன் தம்பியோ மச்சானோ பக்கத்துக் கோலியில், அதாவது பக்கத்து அறையில், குடியிருப்பவனோ வந்து நின்று, அவன் பெயருக்கு ‘ஹாஜர்’ சொல்லிவிட்டு உள்ளே போவான். அப்படி நிற்கிறவன் பத்லி. முகாதமுக்கு எல்லா முகமும் தெரியும், ஆனாலும் பேசாமல் கோடு போடுவார். இடம் காலியாகக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. இரண்டு முறை கூப்பிட்டும் பதில் வரவில்லை என்றால் அந்த இடம் அன்றைக்கு வெளியே காத்து நிற்கிறவனுக்குப் போய்விடும். பன்னிரண்டு வயதிலிருந்து இதைப் பார்த்து வருகிறேன். என் வீட்டுப் பெயர் ஒன்று இரண்டாம் முறை கூப்பிடப்பட்டால் என் வாய் தானாகத் திறந்துவிடும்.

சார் நிமிர்ந்து என் தலையைப் பார்த்தார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு முடி அரை விரல் அளவுகூட வளரவில்லை.

“என்னப்பா மொட்டை? பழனியா, திருப்பதியா?”

“திருச்செந்தூர் சார்.”

அது இரண்டாவது பொய். பின்பெஞ்சில் செல்லப்பாண்டி இருமினான். அவனும் தாராவிக்காரன், சூட்கேஸ் பட்டறையில் வேலை. அண்ணனின் பாடைக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தவன். வகுப்பு முடிந்து படியிறங்கும்போது என் தோளைத் தட்டினான்.

“அண்ணனுக்குப் பத்லியாலே?”

“ம்.”

“சரி, சரி. வருஷம் பூரா எடத்த சும்மா விடுதது எதுக்கு?”

அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேட்காததால் நானும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை.

மேசை மேல் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். சந்தேகங்களைச் சீட்டில் எழுதி அதில் போட வேண்டும். பெயர் எழுத வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை சார் ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்வார். நான் எல்லாவற்றையும் எண் போட்டு நோட்டில் எழுதினேன். கேள்வி 12: ‘டிட்’ வந்ததும் ‘வென்ட்’ ஏன் ‘கோ’ ஆகிவிடுகிறது? கேள்வி 31: ‘டிஸ்கஸ்’ என்பதற்குப் பிறகு ‘அபௌட்’ ஏன் போடக்கூடாது? கேள்வி 40: ‘மைசெல்ஃப் இன்னார்’ என்று சொன்னால் ஆபீஸில் ஏன் சிரிக்கிறார்கள்? இதைப் போட்டது ஏதோ ஆபீஸில் வேலை பார்த்த வெங்கடராமன்தான் என்பது அவன் காது சிவந்ததிலேயே தெரிந்தது. கேள்வி 58: ‘கஸின் பிரதர்’ தப்பு என்றால், கஸின் ஆணா பெண்ணா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

“வெள்ளைக்காரனுக்கு அது தெரிய வேண்டாம்” என்றார் சார். “நமக்குத்தான் தெரிஞ்சாகணும், கல்யாணம் பண்ணிக்கலாமா, கூடாதான்னு பார்க்க.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன். அந்தப் பக்கத்தில் ‘எல்லோரும் சிரித்தார்கள்’ என்றுதான் எழுதியிருக்கிறேன்.

அந்த மாதங்களில் எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. கால் மேல் கால் போட்டு வெகு நேரம் உட்கார்ந்தால் பாதம் நம்முடையது மாதிரியே இருக்காதே, அப்படி. கோலியில் அம்மா, மைனி, அண்ணன் குழந்தை, நான். மைனி பெயர் பேராச்சி. அண்ணன் பெண்டாட்டி, என்னைவிட ஒரு வயது மூத்தவள். காலையில் அவள் கொடுக்கும் சாயாவைக் குடித்துவிட்டு வேலைக்குப் போவேன், வருவேன், வகுப்புக்குப் போவேன். “ஏலே பெரம்மு, ஒரு பொட்டுக் கண்ணீராவது விட்டியாலே நீ?” என்று அம்மா ஒரு நாள் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். விடவில்லை. அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. வினைச்சொல் பட்டியலைத் திரும்ப எழுத உட்கார்ந்தேன்.

என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். குளித்துவிட்டுத்தான் போவேன். ஆனாலும் தோல் வாசனை போகாது. “ஏழாம் நம்பருக்கு மட்டும் தனி பெஞ்சு, முதல் கிளாஸ் ரயில் டப்பா மாதிரி” என்று வெங்கடராமன் சொன்னான். அதுவும் உறைக்கவில்லை.

அக்டோபர் மூன்றாம் தேதி சார் ஒரு விஷயம் சொன்னார்.

“செம்பூர்ல ஒரு கம்பெனி. என் சிநேகிதர் அங்கே மேனேஜர். ரெக்கார்ட் செக்‌ஷனுக்கு ஒரே ஒரு ஆள் வேணும், நீரே பார்த்துச் சொல்லும்னு கேட்டிருக்கார். ஃபைல் எல்லாம் வரிசையா அடுக்கி வைக்கணும், கேட்டா எடுத்துத் தரணும். எஸ்.எஸ்.சி. பாஸாகியிருக்கணும். பரீட்சை கிரீட்சை ஒண்ணும் வைக்கப் போறதில்லை. ஆளுக்கு ஒரு கட்டுரை. நான் வியக்கும் ஒரு மனிதர்.”

பிறகு நிபந்தனை சொன்னார். பேப்பரில் படம் வருகிற தலைவர்கள் கூடாது. சாமி கூடாது. அம்மா அப்பா கூடாது. “நல்லவர், வல்லவர்னு நாலு பேர் சொல்றதை எழுதினா அடிச்சுடுவேன். அவர் செஞ்ச ஒரு காரியத்தை எழுது. நீ கண்ணால பார்த்ததா இருக்கணும். கடைசி வரியிலே, அவர் எடத்துல நீ இருந்தா அதைச் செஞ்சிருப்பியான்னு எழுது. பொய் எழுதினா எனக்குத் தெரிஞ்சுடும்.”

காகிதங்களை வரிசையாக அடுக்கும் வேலை. ஜூலைக்குப் பிறகு நான் வேண்டும் என்று நினைத்தது அது ஒன்றைத்தான். எஸ்.எஸ்.சி.யில் நான் இங்கிலீஷில் தோற்றவன். அண்ணன் இரவுப் பள்ளியில் படித்து மூன்றாம் தடவையில் பாஸானவன். அவன் சர்டிபிகேட் மைனியின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. வகுப்பில் என் பெயரும் அதில் உள்ள பெயரும் ஒன்று. அப்பா பெயர் ஒன்று. வயது ஒன்றரை வருஷம்தான் வித்தியாசம். செம்பூரில் யாருக்கும் எங்கள் முகம் தெரியாது.

கட்டுரைக்கு ஆள் தேடி ஒன்பது பெயர் எழுதி ஒவ்வொன்றாக அடித்தேன். அண்ணனைத் தவிர வேறு யாரும் இல்லை. ஆனால் கணேசபாண்டியனாக இருந்துகொண்டு கணேசபாண்டியனை எப்படி எழுதுவது? தற்பெருமை ஆகிவிடும். ஒரு வாரம் யோசித்து, பெயரை மட்டும் மாற்றினேன். ‘என் தம்பி பிரம்மநாயகம்’ என்று தலைப்பு எழுதினேன். அண்ணன் செய்ததை எல்லாம் தம்பி செய்ததாக எழுதினேன். அப்போது எனக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

அக்டோபர் பதினான்கு, வெள்ளிக்கிழமை. எல்லோரும் வாசித்தார்கள். வெங்கடராமன், முப்பது வருஷம் எட்டு பன்னிரண்டு ரயிலைத் தவறவிடாத மாடி வீட்டுக்காரரைப் பற்றி எழுதியிருந்தான். “அது ரயிலோட பெருமையாச்சே” என்றார் சார். ஷ்யாமளா, தன் அத்தை, கணவருக்குத் தெரியாமல் டைப்ரைட்டிங் படித்து முதல் வகுப்பில் தேறியதை எழுதியிருந்தாள். ஷ்யாமளா மாதுங்காக்காரி, முன்பெஞ்சு. இலக்கணப் பிழையே வராது.

பிறகு நான்.

நான் வாசித்தது இதுதான். எங்கள் கம்பெனியில் ஆறுமுகநயினார் என்று ஒருவர். ஐந்து பிள்ளைகள். மே மாதக் கடைசியில் அவருக்கு டைபாய்டு. எட்டு நாள் தொடர்ந்து ஹாஜிரி விழவில்லை என்றால் இடமே போய்விடும். அவருக்குப் பத்லி நிற்க வீட்டில் வயது வந்த ஆண் இல்லை. என் தம்பி பிரம்மநாயகம் காலை ஏழிலிருந்து மூன்று வரை தன் பெயரில் வேலை செய்தான். மூன்று மணிக்கு வெளியே வந்து, கேட்டைச் சுற்றி மறுபடி வரிசையில் நின்று, ‘ஆறுமுகநயினார்’ என்று கூப்பிட்டதும் ‘ஹாஜர்’ சொல்லி உள்ளே போனான். இரவு பதினொன்று வரை கை வெந்துபோகச் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றான். மூன்று வாரம். கூலி அந்த வீட்டுக்குப் போயிற்று. அவர் எழுந்து வந்தபோது அவர் இடம் அப்படியே இருந்தது. இரண்டு சொந்தக்காரர்கள் இருந்தும் யாரும் நிற்கவில்லை, இவன் சொந்தக்காரன்கூட இல்லை. மூன்றாவது தடவையில் எஸ்.எஸ்.சி. பாஸானவன் என்பதையும் சேர்த்திருந்தேன். கடைசி வரி: அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டேன்.

அந்த ஒரு வரி உண்மை. இரண்டாவது வாரம் அண்ணன் என்னிடம் கேட்டான், “ஒரு நாலு நாளைக்கு நீ நில்லுலே, உடம்பு என்னமோ மாதிரி இருக்கு” என்று. என் கைக்குச் சுண்ணாம்பு ஆகாது என்றேன். ஆகாதுதான், புண்ணாகிவிடும். நாலு நாள் புண்ணோடு நின்றிருக்கவும் முடியும். அவன் மறுபடி கேட்கவில்லை.

வாசித்து முடித்தேன். ஷ்யாமளா கையைத் தூக்கினாள்.

“சார், இன்னொருத்தர் பேரைச் சொல்லி உள்ளே போறது ஆள் மாறாட்டம் இல்லையா? தப்புதானே?”

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆள் மாறாட்டம்னா அடுத்தவன் பேர்ல போய்த் தனக்கு ஒண்ணு எடுத்துக்கறது. இவன் என்ன எடுத்துண்டான்? கை வெந்ததுதான் மிச்சம். சட்டம் என்ன சொல்லும்னு எனக்குத் தெரியாதும்மா. நான் அந்த கேட்ல இருந்திருந்தா கோடு போட்டிருப்பேன்.” பிறகு என்னிடம், “கணேசபாண்டியா, உன் கட்டுரையிலே பதினோரு தப்பு. ஆனா கடைசி வரி யோக்கியமா எழுதியிருக்கே. அந்தத் தம்பி இன்னும் அங்கேதான் இருக்கானா?”

“ஆமா சார்.”

“எஸ்.எஸ்.சி. பாஸ்னு எழுதியிருக்கே. அப்போ அடுத்த வெள்ளிக்கிழமை அவனைக் கூட்டிண்டு வா. செம்பூருக்கு அவன் பேரைத்தான் எழுதப் போறேன். உனக்கு வருத்தமில்லையே?”

“இல்லை சார்” என்றேன்.

பாலத்தில் ஏறும்வரை செல்லப்பாண்டி அடக்கிக்கொண்டு வந்தான். ஏறியதும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து சிரித்தான்.

“இப்ப என்னலே செய்வ? உன்ன நீயே கூட்டிட்டுப் போவணும். ஒரு வாசல் வழியா கணேசனா உள்ள போ, மறு வாசல் வழியா பிரம்மநாயகமா வா. நடுவுல மீசைய எடுத்துரு.”

“சிரிக்காதடா.”

“எங்க சித்தப்பா மவன் ஒருத்தன் உல்லாஸ்நகர்ல சும்மாதான் கெடக்கான். அவன பிரம்மநாயகம்னு நிப்பாட்டுவோமா? பத்லிக்குப் பத்லி.” பிறகு சிரிப்பை நிறுத்தினான். “லேய், கழுத, இது ரொம்ப லேசு. தம்பிக்கு வேற எடத்துல வேலை ஆயிட்டு, எனக்குக் குடுங்கன்னு கேளு. வாத்தியாரு மனசு எளகித்தான் இருக்கு. ஒங்க மைனிகிட்ட அந்த சர்டிபிகேட்ட மட்டும் வாங்கிக்க. செத்தவன் வந்து என் பேரக் குடுன்னா கேக்கப் போறான்?”

அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. எத்தனை தடவை யோசித்தாலும் அதில் ஓட்டை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா மாஹிமுக்கு, அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். மைனி குழாயடியிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வாசலில் உட்கார்ந்து குழந்தைக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், வகுப்பில் என்ன பெயரில் இருக்கிறேன் என்பதையும் சேர்த்து. அதுவரை அவளுக்கு அது தெரியாது. இங்கிலீஷ் கிளாஸ் என்று மட்டும் தெரியும். நோட்டில் இருந்த கட்டுரை நகலைத் தமிழில் வாசித்தேன். அவள் நிமிரவில்லை. ஒவ்வொரு விரலாக முடித்தாள்.

“அவிய செஞ்சதையெல்லாம் ஒங்க பேருல எழுதிட்டீங்க.”

“பேரு மட்டும்தான் மைனி மாத்துனேன்.”

“எழுதுனதுதான் எழுதுனீங்க, மூணாவது வாரம் கண்ணு மஞ்சளாக் கெடந்துச்சே, அதையும் ஒங்க பேருல எழுதியிருக்கலாம்லா?”

நான் நோட்டை மூடினேன்.

“நான் சொன்னேன். கண்ணப் பாருங்க, ஆசுபத்திரிக்குப் போவோம்னு. சனிக்கெழம முடிஞ்சிரும், ஆறுமுகநயினாரு திங்கக்கெழம வேலைக்கு வந்திருவாருன்னாவ. ஊரெல்லாம் மெச்சுது. அந்த ஆறுமுகநயினாரு இப்ப நம்ம சந்து வழியா வாரதே இல்ல, கவனிச்சீங்களா? அங்கிட்டு சுத்திப் போறாரு. அவரக் குத்தம் சொல்லல. எங்க கண்ணப் பாக்க அவருக்கு ஏலல.” குழந்தையின் கையை விட்டாள். அது என் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது. “சர்டிபிகேட்டு பெட்டியில அடியில இருக்கு. எடுத்துக்கிடுங்க. எனக்கு அது எதுக்கு? ரேஷன் கார்டும் அதுக்குள்ளதான். பாத்து எடுங்க.”

டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மேலே அண்ணனின் கட்டம் போட்ட சட்டை. அதன் கீழே ரேஷன் கார்டு. அதை நகர்த்தும்போது திறந்துகொண்டது. குடும்பத்தார் பெயர் வரிசையில் இரண்டாவது பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் கையெழுத்து, முத்திரை. தேதி செப்டம்பர் ஆறு.

“இது எப்ப மைனி?”

“போன மாசம். நீங்க வேலைக்குப் போன பொறவு.”

“யாரு கூட்டிட்டுப் போனா?”

“யாரு கூட்டிட்டுப் போவா? நானாத்தான் போனேன். பிள்ளைய அத்தைகிட்ட விட்டுட்டுப் போனேன்.” மாமியாரை அவள் அத்தை என்பாள். “எதிர்த்த கோலி மர்யம்கிட்ட இந்தியில எப்படிச் சொல்லணும்னு கேட்டுக்கிட்டேன். ‘மேரா ஆத்மி மர் கயா.’ என் புருசன் செத்துட்டாரு. அம்புட்டுத்தான். வரிசையில நிக்கையில மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே போனேன். அந்த ஆபீசருக்கு ஒரு காது கேக்காது போல. ‘க்யா? க்யா?’ங்கான். மூணு தரம் சொன்னேன். மூணாந்தரம் சத்தமா. வரிசை முழுக்கத் திரும்பிப் பாத்துச்சு.”

“விட்டிருக்கலாமே. எல்லாரும் கார்டுல பேர விட்டுத்தான் வச்சிருக்காவ.”

“ஆமா, இல்லாத ஆளுக்கு சீனி வாங்கி சாயா போட்டா எனக்கு எறங்கல. ரெண்டு மாசம் போட்டேன். பொறவு போயி அடிச்சிட்டு வந்துட்டேன். சீனி கொறஞ்சு ஒன்றரை மாசம் ஆச்சு. ஒங்களுக்குத் தெரியலையா? தெனமும் குடிக்கீங்க?”

எனக்குத் தெரியவில்லை.

சர்டிபிகேட்டை எடுத்தேன். கெட்டித் தாள், நாலாக மடித்திருந்தது. அண்ணன் பெயர் மசியில் அழகாக எழுதியிருந்தது. வெகு நேரம் அதைப் பார்த்தேன். பிறகு இருந்த இடத்திலேயே வைத்து, ரேஷன் கார்டை மேலே வைத்து, சட்டையை வைத்து, பெட்டியை மூடினேன். வைத்த வரிசை சரியா என்று மறுபடி திறந்து பார்த்தேன். அப்போதும் நான் முடிவு எதுவும் செய்துவிடவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் சர்டிபிகேட்டை எடுக்க நேரம் இருந்தது. தினமும் பெட்டியைப் பார்த்தேன். திங்கள், புதன் இரண்டு நாளும் வகுப்புக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை போனேன். கையில் நோட்டு மட்டும். சார் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார், என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று. பிறகு ரெஜிஸ்டரைத் திறந்தார்.

“ஏழு. கணேசபாண்டியன்.”

நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செல்லப்பாண்டி பின்னாலிருந்து பெஞ்சைக் காலால் உதைத்தான்.

“கணேசபாண்டியன்? இங்கேதானே இருக்கே? காது அடைச்சுப் போச்சா?”

இரண்டு தடவை ஆகிவிட்டது. எழுந்து நின்றேன். முழங்கால் பலகையில் இடித்தது.

“கணேசபாண்டியன் ஜூலை பன்னிரண்டாம் தேதி இறந்துட்டான் சார்.”

“என்ன?”

“கணேசபாண்டியன் இறந்துட்டான் சார்.”

“என்னப்பா உளர்றே?”

“எங்க அண்ணன் கணேசபாண்டியன் செத்துப்போயிட்டான் சார்” என்றேன். இந்தத் தடவை சத்தமாக வந்துவிட்டது. முன்பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று தடவை என்று எண்ணினேன்.

“அப்போ நீ?”

“பிரம்மநாயகம்.”

“கட்டுரையிலே வர்ற பிரம்மநாயகமா?”

“கட்டுரையில வர்றது கணேசபாண்டியன் சார். கடைசி வரியில வர்றது மட்டும் நான். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணினதும் அவன்தான். எனக்கு இங்கிலீஷ்ல போச்சு.”

வெங்கடராமன் சிரிக்க ஆரம்பித்து, ஷ்யாமளா திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். சார் என்னைப் பார்க்கவில்லை. ரெஜிஸ்டரையே பார்த்தார். ஆகஸ்டிலிருந்து ஏழாம் நம்பர் வரிசையில் அவர் கையால் போட்ட கோடுகள்.

“இதுல நான் என்னத்தை எழுதறது?” என்றார். கோபமாகத்தான் கேட்டார். ஆனால் என்னிடம் கேட்ட மாதிரி இல்லை. “ரெண்டரை மாசம் பிரசன்ட் போட்டிருக்கேன். கமிட்டிக்காரா வந்து பார்த்தா? செத்துப்போனவன் முப்பத்திரண்டு நாள் வந்து பாடம் கேட்டான்னு சொல்லவா? முதல் நாளே சொல்றதுக்கு என்னடா?”

“சொல்லத்தான் வந்தேன் சார். நீங்க ரெண்டு தடவை கூப்பிட்டுட்டீங்க.”

அது பதிலாகாது என்று எனக்கே தெரிந்தது. அவருக்கு அது புரிந்திருக்க நியாயம் இல்லை. பின்பெஞ்சில் செல்லப்பாண்டி மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

சார் பேனாவை எடுத்து, அடிக்கோலை வைத்து, ஏழாம் வரிசைப் பெயர் மேல் ஒரு கோடு இழுத்தார். இழுக்கும்போது கை நின்று, பிறகு மெதுவாக முடித்தது. “உட்காரு” என்றார். “நாளைக்கு ஆபீஸ்ல புது விண்ணப்பம் வாங்கிப் பூர்த்தி பண்ணு. அவா ஒத்துண்டா உண்டு. இல்லேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது.” அப்புறம் எட்டாம் நம்பரைக் கூப்பிட்டார்.

செம்பூருக்கு ஷ்யாமளாவின் பெயரை எழுதினார். அவள் என்னிடம் வந்து, “நான் வேணும்னு கேக்கலை” என்றாள். “தெரியும்” என்றேன். அன்று டின்னில் பதினான்கு சீட்டுகள். நான் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. முடிந்ததும் சார் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தார். பதினோரு பிழையும் சிவப்பில் சுழித்திருந்தது. தலைப்பில் இருந்த பெயரை அவர் தொடவில்லை. வேறு எதுவும் எழுதவும் இல்லை.

செல்லப்பாண்டி பாலம் வரை கூடவே வந்தான். அங்கே, “கிறுக்கன்லே நீ” என்றான். சிறிது தூரம் போய், “உங்க அண்ணனும் அப்படித்தான்” என்றான். அதை அவன் எந்த அர்த்தத்தில் சொன்னான் என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் செய்ததையும் நான் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியாது. அவன் உயிரோடு இருந்தவனின் இடத்தைக் காத்தான். நான் யாருடைய இடத்தைக் காத்தேன்?

மறுநாள் சனிக்கிழமை காலை ஆறு மணி. மைனி வழக்கம்போல சாயாவைக் கொண்டுவந்து வைத்தாள்.

“கேட்டீங்களா வேலைய?”

“இல்ல மைனி. அண்ணன் இறந்துட்டான்னு சொல்லிட்டேன்.”

அவள் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். “எத்தன தரம் சொன்னீங்க?”

“மூணு.”

“அம்புட்டு வேணும் இவங்களுக்கு” என்று சொல்லிவிட்டு அடுப்பு பக்கம் திரும்பினாள்.

ஏழு மணிக்குக் கேட்டில் நிற்க வேண்டும். டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தேன். சீனி பத்தவில்லை.